கறுப்புக்கு நாலு வரி

கல்யாணமான பதினாறு வருஷத்தில் வீட்டுச் சதுரங்கப் பலகையில் அவள் கணவர் ஒருநாளும் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்ததில்லை. கறுப்புதான் உனக்கு ராசி என்று புதிதில் ஒருமுறை சொன்னார், அதுவே சட்டமாகிப் போனது. இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், அவர் மருந்துக் கிடங்கில். மருத்துவமனையின் சதுரங்க அணிக்கும் அவர்தான் கேப்டன். அணி ஆட்டங்களில் பலகைக்குப் பலகை நிறம் மாறும். யார் எந்தப் பலகையில் என்று எழுதிக் கொடுப்பது கேப்டன். தனக்கு வெள்ளையும் மனைவிக்குக் கறுப்பும் விழுகிற மாதிரி எழுதுவதில் அந்த மனிதருக்கு ஒருதடவைகூடக் கை தவறியதில்லை.

அவருடைய லேப்டாப்பில் நானூறு ஆட்டத் தொடக்கங்கள் இருந்தன. சாப்பிடும்போதும் திரையைப் பார்த்து உருப்போடுவார். அவளுக்கு ஏது அந்தக் கொடுப்பினை? வேலை, சமையல், இரண்டு பிள்ளைகள், மாமியாரின் மாத்திரை வேளைகள் என்று தலைக்குள் இடமே இல்லை. ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் ஓடும். அந்தப் பத்துப் பத்து நிமிஷங்களைச் சேர்த்துத்தான் தனக்கென்று ஒரு கறுப்பு ஆட்டத்தைக் கட்டினாள். எதிரே என்ன வந்தாலும் ஒரே பதில். ராணிப்பக்க மந்திரியின் சிப்பாய் ஒரு கட்டம், ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம், மந்திரியை வெளியே அனுப்பு, பிறகு ராஜாவின் சிப்பாயை நகர்த்திக் கதவைச் சாத்து. நாலே வரி. குழாயில் ஒட்டும் லேபிள் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தைப் பலகையைப் பார்த்து யோசித்துக்கொள்வாள்.

ஒன்பது வருஷமாக அவளை யாரும் எளிதில் தோற்கடித்ததில்லை. பெரும்பாலும் டிராதான். கூடத்துச் சின்னப் பெண்கள் அவளுக்குச் 'சுவர் அக்கா' என்று பேர் வைத்தார்கள். சுவர் எங்கேயாவது ஜெயிக்குமா, நிற்கத்தான் செய்யும் என்று கணவர் கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார். கூடவே அவளும் சிரித்து வைப்பாள்.

எல்லா மருத்துவமனைகளுக்குமான தனிநபர் போட்டிக்கு ஓர் இடம் வரும். வழக்கமாகக் கேப்டனே போவார். இந்த வருஷம் சிலர் முணுமுணுத்ததால், ஊழியர் சங்கச் செயலாளர் உள்ளுக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தார். அதிலும் யாருக்கு எந்த நிறம் என்ற பட்டியலைக் கேப்டனே எழுதினார். புருஷனும் பெண்டாட்டியும் சம புள்ளிகளோடு மேலே வந்து நின்றார்கள். ஒரே ஓர் ஆட்டத்தில் முடிவு, டிரா ஆனால் கேப்டன் போவார் என்றார் செயலாளர். அவளுக்கு அந்த இடம் வேண்டும். கேப்டன் மனைவி என்ற ஒட்டு இல்லாமல், ஆட்டக்காரி என்று ஒரே ஒரு தாளிலாவது தன் பெயர் இருக்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வெள்ளை விழுந்தது. வெள்ளையில் என்ன ஆடுவது என்றே அவளுக்குத் தெரியாது. இதை இத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்திருக்கிறோமே என்று தன்மீதே கோபம் வந்தது. அந்த வாரம் கோட்டுப் பையிலிருந்த லேபிள் தாள் காணாமல் போய், இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி மடிந்து திரும்பி வந்தது. எடுத்தது யார் என்று கேட்கவா வேண்டும்? டிராவுக்காக அவர் அவளுடைய சுவரையே கட்டிக்கொண்டு உட்காரப் போகிறார் என்று மட்டும் புரிந்தது.

இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்தது. இந்தச் சுவரை யார் எப்போது அதிகம் பயமுறுத்தினார்கள்? வெளியே வந்த மந்திரியைத் துரத்திக்கொண்டு ஓரத்துச் சிப்பாய்களை ஓட விட்டவர்கள்தான். அப்போதெல்லாம் கதவைச் சாத்துவதற்கு முன் மந்திரி திரும்பி வர ஒரு பொந்து விட்டுவைப்பாள். அது கையோடு வந்த பழக்கம், தாளில் எழுதவில்லை. அவரோ எப்போதும் ராணிச் சிப்பாயில் தொடங்குகிறவர். அந்தத் துரத்தலை ஆடியதும் இல்லை, பட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கேன்டீனில் மேஜைகளை ஒதுக்கிப் பலகை போட்டார்கள். அவள் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அவர் புன்னகையோடு அவளுடைய முதல் வரியை ஆடினார். அவள் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்ததும் இரண்டாவதை ஆடினார். அவள் ராஜாவின் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் ஏற்றினாள். அவர் மந்திரியை வெளியே அனுப்பினார். அவள் யானையின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினாள். பொந்து தேவைப்படும் இடம் அதுதான். அவர் நாலாவது வரிப்படி கதவைச் சாத்தினார்.

அவளுடைய குதிரையின் சிப்பாய் பாய்ந்ததும் அவருடைய மந்திரி ஓடியது. பக்கத்துச் சிப்பாய் தள்ளியதும் பின்வாங்கியது. யானையின் சிப்பாய் இன்னொரு கட்டம் ஏறியபோது மந்திரிக்குப் போக்கிடம் இல்லை. அதன்பின் அவர் முக்கால் மணி நேரம் வியர்க்க வியர்க்கப் போராடிவிட்டு ராஜாவைச் சாய்த்தார்.

எழுந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “வீட்ல சோறு கெடைக்கணும்ல. விட்டுக்குடுத்துட்டேன்.”

கேன்டீனே சிரித்தது. பெரிய மனசு என்று செயலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவள் ஆட்டத்தை எழுதிய தாளையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினாள். “எந்த எடத்துல விட்டுக்குடுத்தீங்க? வட்டம் போட்டுக் காட்டுங்க.”

சிரிப்பு நின்றது. அவர் தாளின் கடைசி வரை விரலை ஓட்டினார். மறுபடியும் மேலே வந்தார். பிறகு தாளின் முதல் வரியைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டார்.

“இதோ. கறுப்பு எடுத்து உக்காந்தேன் பாரு, அங்கயே விட்டுக்குடுத்தாச்சு.”

மறுபடியும் சிரித்தார்கள். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப நான் இத்தன வருஷமா?”

“நீ என்ன?” என்றார். நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.