மூணாம் பாகம் கேட்டவர்

"ரெண்டாம் பாகத்தப் படிக்காம மூணாம் பாகத்த எவன் கேப்பான்? சொல்லுங்க பாப்போம்!"

"கேட்டா என்னங்க? வேற எங்கயாவது படிச்சிருப்பாரு. வாசகர்னா ஆயிரம் விதம்."

"அவன் வாசகனே இல்லங்க. கதையிருக்கற பக்கம் கண்ணே போகல. ஓரத்தப் பாக்கறான். நான் நின்னு பாத்தேன்."

"வர்ற நாலு பேரையும் விரட்டிடுங்க. அப்புறம் நிம்மதியா பம்ப் ஓட்டுங்க!"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பது என் பழக்கமில்லை. நீரேற்று நிலையத்துக் குடியிருப்பில் சுவர்களெல்லாம் ஒற்றைச் செங்கல். காது இருந்தால் போதும். குரல் உச்சத்துக்குப் போயும் அவர்கள் ஒருவரையொருவர் 'நீங்க' என்றே திட்டிக்கொண்டதைக் கவனித்தேன். மற்ற வீடுகளில் மூன்றாவது வாக்கியத்திலேயே 'நீ'க்கு இறங்கி, ஐந்தாவதில் மாமியாரை எட்டிவிடுவார்கள். ஏழாம் நம்பர் வீட்டில் சண்டைகூட அலுவலகக் கடிதம் மாதிரிதான் இருக்கும்.

காரணம் எனக்குத் தெரியும். கல்யாணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கீழே முகவரியும் எழுதிக் கொடுத்தவளே நான்தானே.

அவர் பம்ப் ஓட்டுபவர். குடும்பம் நடத்துபவர்களுக்கு மட்டுமே வீடு என்பது நிர்வாகத்தின் விதி. தனிக்கட்டைகளுக்கு விடுதி: ஓர் அறைக்கு எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் ஒரே குழாய். அவள் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தவள். சாலையை அகலப்படுத்துகிறேன் என்று கடையை இடித்துவிட்டார்கள். இரண்டாயிரம் புத்தகங்களும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து பூஞ்சை பிடித்தன. அவர் எட்டு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் புத்தகம் எடுத்தவர். தார்ப்பாயைப் பார்த்ததும் மனிதருக்கு யோசனை வந்திருக்கிறது. வீடு அவருக்கு, முன்னறை புத்தகங்களுக்கு, கையெழுத்து இருவருக்கும். வேறெதுவும் கேட்கக் கூடாது.

சர்க்கரை கடன் வாங்கப் போன சாக்கில் உள்ளே பார்த்திருக்கிறேன். முன்னறையில் அலமாரிகளுக்கு இடையே ஒரு கட்டில். உள்ளறையில் ஒரு கட்டில். நடுவாசலை அடைத்தாற்போல ஆளுயர அலமாரி.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. படித்தவர்கள் புத்தகத்தின் ஓரத்தில் எழுதுவார்கள். மற்ற கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இவளோ, "எழுதினாத்தான் புத்தகம் ஓடும்" என்பாள். அதிகம் எழுத்து விழுந்தது 'கோட்டைக்கு ஒரு மனைவி' என்ற சரித்திர நாவலில்தான். மூன்று பாகம். கல்யாணமானால்தான் கோட்டை கிடைக்கும் என்ற நிலையில் ஓர் இளவரசன். துரத்துகிறவர்களிடமிருந்து ஒளிய இடம் தேடும் படகோட்டியின் மகள். வசதிக்காக மாலை மாற்றிக்கொண்டு, படுக்கையில் நடுவே வாளை வைத்துப் படுப்பார்கள். வாள் எப்போது நகரும் என்று எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் தூக்கம் கெட்டோம். மூன்றாம் பாகம் எண்பத்தெட்டாம் பக்கத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பச்சை மையில் எழுதினேன்: 'கோட்டையில் நடுவே வாள். நம் புத்தகக்காரி வீட்டில் நடுவே அலமாரி. இது எந்தப் பக்கத்தில் நகருமோ!' அதன் கீழே நாலைந்து கையெழுத்தில் சிரிப்பு விழுந்தது. மூன்றாம் வீட்டு நர்ஸம்மா மட்டும், 'அக்கா, வேண்டாம்' என்று எழுதியிருந்தாள்.

அந்த ஆள் முதன்முதலில் வந்தது அந்தச் சண்டைக்கு முந்தின நாள். சாம்பல் நிறச் சட்டை, பையில் இரண்டு பேனா, நடந்தால் ஓசை வராத செருப்பு. முதல் பாகத்தை எடுத்துப் போய் மறுநாள் காலையிலேயே திருப்பித் தந்துவிட்டார். நான் வாசலில் நின்று, "கதை எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றார். பிறகு மெதுவாக, "இந்த மாதிரி வசதிக்குப் பண்ற கல்யாணம் நெசத்துல நடக்குமா அக்கா?"

ஒருவர் வாய்விட்டுக் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. "கதையவிட நெசம்தான் தம்பி ருசி. மூணாம் பாகம் எடுங்க. எண்பத்தெட்டாம் பக்கம்."

அவர் புன்னகைத்தார் என்றுதான் நினைத்தேன். பல் தெரிந்ததே தவிரக் கண் அசையவில்லை என்பது துணி மடிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் நான் ஓடிப் போய் மூன்றாம் பாகத்தைக் கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவது என் திட்டம்.

"அது அவர்கிட்ட இருக்கே அக்கா. நாளைக்கு வந்துடும்" என்றாள் புத்தகக்காரி.

வரவில்லை. ஒரே இரவில் புத்தகம் முடிக்கிற மனிதர் ஒரு வாரமாகியும் வரவில்லை. அவள் நினைவூட்டி ஓர் அஞ்சலட்டை போட்டாள். அடுத்த செவ்வாயன்று அட்டை திரும்பி வந்தது: அப்படி ஒரு கதவு எண் அந்தத் தெருவில் இல்லை. பம்ப்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

புதன்கிழமை காலையில் ஜீப் வந்தது. மூணாம் பாகம் இறங்கினார். அதற்குள் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு கையில் எங்கள் நாவல், இன்னொரு கையில் நிர்வாகத்தின் கோப்பு. தெருவே ஏழாம் நம்பர் முன்னறையில் கூடியது, நான் முன்வரிசையில்.

அவர் எண்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பது போலச் சத்தமாகப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கட்டில்களை எண்ணினார். அலமாரியைக் கையால் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்.

"இது யாரு எழுதினது?"

"தெரியலீங்க" என்றாள் புத்தகக்காரி.

"இத்தன வருஷம் கடை வச்சிருக்கீங்க. ஆளுங்க கையெழுத்து தெரியாதா?"

"எழுதறது ஒருத்தங்க, படிக்கறது இன்னொருத்தங்க. நான் தேதி மட்டும்தாங்க பாப்பேன்."

அவர் பேனாவை மூடினார். "எழுதினவங்க முன்னாடி வந்து, சும்மா வெளையாட்டுக்கு எழுதினேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். இந்தக் கோப்ப இங்கயே மூடிடறேன், வீடு இவங்களுக்கே. ஆனா எழுதிக் குடுக்கறவங்க வீட்டையும் ஒரு தடவ சுத்திப் பாக்கணும். விதி அப்படி."

என் வீட்டின் பின்னறையில் ஒரு தையல்காரப் பெண் இருக்கிறாள். என் தங்கை மகள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குத் தங்கை கிடையாது. குடியிருப்பில் உள்வாடகை விட்டால் வீடும் போகும், என் வீட்டுக்காரரின் வேலையும் ஆட்டம் காணும்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தாள். பம்ப்காரர் தரையைப் பார்த்தார். புத்தகக்காரி என்னைத் தவிர எல்லாரையும் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது. "பொங்கிடும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் பால் இல்லை. வெறும் அடுப்பின் முன்னால் ஜீப் கிளம்பும்வரை நின்றேன்.

முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய உத்தரவு வந்தது. கடைசி நாளில் மாட்டுவண்டியில் புத்தகக் கட்டுகள் ஏறின. ஆளுயர அலமாரியை இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"ஏய், விடு விடு, கை நசுங்கிடும். நான் பாத்துக்கறேன். நீ படியப் பாரு" என்றார் அவர்.

"நீ முதல்ல உன் இடுப்பப் பாரு" என்றாள் அவள்.

அலமாரி ஒரு வழியாக நகர்ந்தது. பச்சை மையில் எழுத ஓரம்தான் இல்லை.

வண்டி கிளம்பும் முன் அவள் என் வாசலுக்கு வந்து ஒரு பேனாவை நீட்டினாள். "அக்கா, இது உங்களோடது. எங்க மேசையில விட்டுட்டுப் போயிருந்தீங்க." குரலில் கோபம் இல்லை. எட்டு வருடம் தேதி மட்டுமே பார்த்தவள் போலவே சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் இரண்டு மாதம் விடுதியில் எட்டாவது ஆளாகக் கிடந்துவிட்டு, வேலையை உதறிவிட்டு அவள் இருக்கும் ஊருக்கே போய்விட்டார். நர்ஸம்மா நேரில் பார்த்துவிட்டு வந்தாள். பேருந்து நிலையத்தின் பின்புறம் ஒரே ஒரு அறையாம். அலமாரி சுவரோரம் போய்விட்டதாம். நர்ஸம்மாவும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏழாம் நம்பர் மூணாம் பாகத்துக்கே ஒதுக்கப்பட்டது. அவரும் அதுவரை விடுதிவாசிதானாம். ஒதுக்கீட்டு உத்தரவு வந்த இருபதாம் நாள், எங்கோ தூரத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வண்டியிலிருந்து இரண்டு கட்டில்கள் இறங்கின. ஒரு புதுப் பூட்டும் இறங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

குடிவந்த அன்றே மதில்மேல் கை வைத்து நின்றார். "அக்கா, உங்க கையெழுத்து ரொம்ப அழகு. கல்யாணப் பதிவேட்டுல முகவரி எழுதியிருக்கீங்களே, பச்சை மையில." பிறகு என் பின்னறை ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "தங்கச்சி மக சௌக்கியமா?" என்றார்.

தையல்காரப் பெண் அந்த வாரமே வேறிடம் பார்த்துக்கொண்டாள். பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. என்றாலும் அவர் தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார். நானும் சௌக்கியம் என்கிறேன். சுவர் இப்போதும் ஒற்றைச் செங்கல்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. என் வீட்டில் நாங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறோம்.

போன வாரம் அவருடைய மனைவி வாசலில் வந்து நின்றாள். மெலிந்த பெண், திரும்பித் திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, பகல் பூரா தனியா இருக்கேன். படிக்க ஏதாவது புத்தகம் இருக்குமா?"

"எனக்குப் படிக்கற பழக்கமே கெடையாதும்மா" என்றேன்.