உப்பு ஜாஸ்தியான கஞ்சி

காலை எட்டு மணிக்குத் தனி வார்டில் வைத்த கஞ்சி, பத்து மணிக்கு ஆடை படிந்து அப்படியே இருந்தது. நான்காவது நாளாக இப்படித்தான். நர்ஸ் அருணாதேவி டம்ளரை எடுத்துக்கொண்டே, "தொண்டை வலிக்குதாக்கா?" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பாஞ்சாலை போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

பாஞ்சாலை, கணவர் அப்பாசாமியோடு அடி அண்ணாமலையில் இளநீர் விற்பவர். மருத்துவமனைக்கு வந்தது தொண்டை அடைப்பானோடு. தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் நோய் அது. இருமலில், தும்மலில் பரவும். மருந்துக்குச் சவ்வு மறைந்துவிட்டது. தண்ணீர் சிரமமில்லாமல் இறங்கியது. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. வீட்டுக்குப் போகுமுன் போட வேண்டிய தடுப்பூசிக்கும் கை நீட்ட மறுத்தார். இந்த நோயின் விஷம் இதயத்தையும் தாக்கக்கூடியது; பட்டினி கிடந்தால் தாங்காது. டாக்டர் கவலைப்பட்டு, மனநல ஆலோசகர் மதிவதனியை வரச் சொன்னார்.

"எனக்கின்னா பைத்தியமா?" என்று மதிவதனியிடம் கேட்டார் பாஞ்சாலை.

"இல்லக்கா. காய்ச்சல் வந்தா ஒடம்பு சோர்ந்து போவுதில்ல? தனியா கெடந்தா மனசும் அப்படித்தான்."

முகக்கவசத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்த மதிவதனி அவசரப்படுத்தவில்லை. மறுநாள்தான் பாஞ்சாலை வாய் திறந்தார்.

வந்த அன்று அருணாதேவி, "உங்கள ஒதுக்கி வெச்சிருக்கோம், யாரும் வரக் கூடாது" என்று சொல்லியிருந்தார். நோய் பரவக் கூடாதென்று சொன்ன சொல்தான். ஆனால் பாஞ்சாலை பிறந்த ஊரில், அவர் அண்ணன் சாதி மாறிக் கல்யாணம் செய்தபோது, குடும்பத்தையே ஒதுக்கி வைத்தார்கள். கடையில் சாமான் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, யாரிடமும் பேச்சில்லை. ஒதுக்குவது என்றால் அவருக்கு அதுதான்.

"ஊட்டுக்காரரும் ஒதுக்கிட்டாரு. ஒரு நாளு கூட எட்டிப் பாக்கல."

மதிவதனி வார்டு வாசலில் போய் விசாரித்தார். அப்பாசாமி முதல் நாளே பரிசோதனை செய்து, மாத்திரை வாங்கி, தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர். தினமும் கேட்டுக்கு வந்து தூக்குவாளியில் கஞ்சி கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளே போன பாத்திரம் வெளியே வரக் கூடாது என்பது விதி. அதனால் ஊழியர் அதை ஆஸ்பத்திரி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். யார் கொண்டுவந்தது என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மதிவதனி வந்து இதைச் சொன்னதும் பாஞ்சாலை டம்ளரைக் கையில் எடுத்தார்.

"மொத நாளு ஒரு வாய் குடிச்சேன். உப்பு ஜாஸ்தி. அவரு வெச்சதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

ஆறிப்போன கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பிறகு ஊசியோடு வந்த அருணாதேவியிடம், வந்து போன நோய்க்கு எதற்கு ஊசி என்று அவரே கேட்டார்.

"இந்த நோய் வந்து போனாலும் ஒடம்பு அத சரியா ஞாபகம் வெச்சிக்காதுக்கா. அதான் அந்த விஷத்தையே பல்லப் புடுங்கி ஊசியில அனுப்புறோம். ஒடம்பு பாத்துப் பழகிக்கும். சின்ன வயசுல போட்டிருந்தாலும் நாளாக நாளாக அந்த ஞாபகம் கம்மியாயிடும்."

"அவருக்கு எந்தக் கையில போட்டாங்க?"

"எடது கையில."

"எனக்கும் அதுலயே போடும்மா."

அடுத்த வாரம் அதே கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். அருணாதேவி இந்தமுறை சொல்லை மாற்றிக்கொண்டார்.

"கிருமியத்தாங்க இங்க நிறுத்தி வெச்சிருக்கோம், உங்கள இல்ல. மருந்தும் ஊசியும் ஒடம்ப காப்பாத்தும். ஆனா நமக்கு ஆளு இருக்குன்னு மனசுக்குத் தெரியணும். அத சொல்றதும் வைத்தியந்தான்."

பிறகு டம்ளரை நீட்டினார். "இந்தாங்க, உங்க தங்கச்சி குடுத்த கஞ்சி."