பெரிய எழுத்தில் ஒரு சம்மதம்

1

"காரணம் சொல்லுங்க சார்."

இந்தக் கதை பிறந்தது இந்த வாக்கியத்தில்தான், ஒப்புக்கொள்கிறேன். வேலை கொடுத்தவர்களிடம் இதை மட்டும் கேட்காதே என்று என்னைப் பெற்ற நைனா துலுக்காணம் புத்தூரில் ரயிலேற்றும்போதே சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன். 2006, திருப்பதி, படிவங்களைக் கணினியில் ஏற்றும் ஒரு ஆபீஸ். பெங்களூர் கிளைக்குப் போகும் நான்கு பேரில் நானும் ஒருத்தி. சம்மதமா என்று தலைமை ஆபீஸ் மெயிலில் கேட்டது, ஆங்கிலத்தில் பதில் போட்டேன். மறுநாள் பட்டியலில் என் பெயர் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'ஏழு மலைகளின் மேல் மேகம் கவிந்து...' வேண்டாம். அன்றைக்கு நான் மலையைப் பார்க்கவில்லை. மேனேஜர் கோவர்த்தனனின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"இன்னாம்மா சந்தியா, அப்படியா கத்தறது மெயில்ல?"

"நான் எங்க சார் கத்தனேன்? 'நான் தயார். எப்போது புறப்பட வேண்டும், உடனே தெரிவிக்கவும்.' அவ்ளோதான?"

"பூரா கேப்பிடல் லெட்டர்ல போட்டிருக்கியே. மெயில்ல அதான் கத்தறது. சண்டைக்காரின்னு பேரை அடிச்சிட்டாங்க."

"ஸ்காலர்ஷிப் ஃபாரமெல்லாம் அப்படித்தான சார் எழுதச் சொன்னாங்க? அப்ப பத்து வருஷமா கவர்மென்ட்டப் பாத்து கத்திக்கினா இருந்தேன்?"

சார் சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது. கோபம் வீணாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

(அடைப்புக்குறிக்குள் வாசகருக்கு: சின்ன எழுத்தில் நிரப்பினால் ஹாஸ்டல் படிவம் திரும்பி வரும். பெரிய எழுத்து எனக்கு மரியாதை, துவைத்த சுடிதார் மாதிரி. எங்கள் தெருவின் முதல் டிகிரிக்காரியான எனக்கு இதையெல்லாம் யார்... வேண்டாம், அழுகை வாடை அடிக்கிறது.)

3

பெயரை அடிக்கச் சொன்னதே அவரோ என்று கோவர்த்தனன் மேல் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவர் வில்லன். ஆனால் டீ வாங்கிக் கொடுத்தாரே, என்ன செய்ய?

"மன்னிப்பு கேட்டு ஒரு மெயில் போடு. சேக்கச் சொல்லிப் பாக்கறேன்."

"தப்பு பண்ணாதான சார் மன்னிப்பு? வெளக்கம் வேணா எழுதறேன்."

"வெளக்கம் எழுதினா இன்னொரு சண்டைன்னு படிப்பாங்கம்மா."

4

முடிவுகள். மன்னிப்பு எழுதினேன், அனுப்பினார்கள். அல்லது விளக்கம் எழுதினேன், தலைமை ஆபீஸே வருத்தம் தெரிவித்தது. (இதை எழுதும்போது நானே சிரித்தேன்.) அல்லது புத்தூருக்கே திரும்பி... பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். திருப்பதியில் நான் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டல் அறையை அன்று காலையிலேயே காலி செய்திருந்தேன். காரணம் தெரியாமல் போகக்கூடாது என்றுதான் கேட்க வந்தேன்.

"எங்கம்மா கெளம்பிட்ட? ஷிப்ட் முடியலியே."

"பெங்களூருக்கு சார்."

"யாரு அனுப்பறாங்க?"

"யாரும் அனுப்பல. நானே போறேன்."

படியிறங்கினேன்.