கப்பலில் ஒரே ஒரு கிளாஸ்

சேலையூர் கேம்ப் ரோட்டில், மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, அரிகிருஷ்ணன் என்பவர் ஒரு டிராவல்ஸ் நடத்திவந்தார். வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் வேன் விட்டுப் பழகியவர். தொண்ணூற்றேழாம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்குத் திடீரென்று கடல் ஆசை பிடித்துக்கொண்டது. காலனி சங்கத்தைச் சேர்ந்த எட்டுத் தம்பதிகளை விமானத்தில் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து மூன்று இரவுகள் சொகுசுக் கப்பலில் சுற்றிக் காட்டப்போவதாக நோட்டீஸ் அடித்தார். முதலில் பெயர் கொடுத்தவர் சவுரிமுத்து.

சவுரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தாம்பரம் சானடோரியம் பக்கம் கையுறை தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியொன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். எந்தப் பேச்சையும் ‘தயவுசெய்து’ என்று தொடங்கி ‘பரவாயில்லை’ என்று முடிக்கிறவர். பஸ்ஸில் தம் காலை மிதித்தவரிடம் தாமே மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு மரியாதை தெரிந்த மனிதர். அப்படிப்பட்டவர் முந்திக்கொண்டு பெயர் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. மே பதினான்காம் தேதி அவருக்கும் ஞானம்மாளுக்கும் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவடைகின்றன. அன்று கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

அவர்களுடையது இரண்டே அறைகள் கொண்ட வீடு. ஓர் அறையில் தம்பியின் குடும்பம் இருந்தது. மற்றதில் பிரசவத்துக்கு வந்த மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். ஞானம்மாள் அவளுக்குத் துணை. சவுரிமுத்துவின் பாய் கூடத்தில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே விரிக்கப்பட்டது. மகளுக்கு முன்னால் அந்த அறைகளில் அவருடைய தங்கைகள் இருந்தார்கள். கணவனும் மனைவியும் ஓர் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகப் பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று இரவுகள், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, பதினான்காம் தேதி மாலை ஆளுக்கு ஒரு கிளாஸ் வைன். இவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆனால் படிவத்தில் வேறொன்று இருந்தது.

“சார், இங்க ஒரு டிக் போட்டுடுங்க. அன்லிமிடெட் டிரிங்க்ஸ் பேக்கேஜ். மூணு நாளும் எத்தினி கிளாஸ் வாங்குனாலும் ஏன்னு கேக்க மாட்டான்” என்றார் அரிகிருஷ்ணன்.

“தப்பா நினைக்கக் கூடாது. எங்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு கிளாஸ்தான். அதுவும் ஒரு நாள் சாயந்திரம் மட்டும்...”

“ஒரு கிளாஸுக்கு யாராவது கப்பல் ஏறுவாங்களா சார்?”

“அந்த ஒரு கிளாஸை மட்டும் தனியா வாங்க முடியாதா?”

“லூஸ்ல குடுக்க மாட்டான் சார். இன்னா, நம்ம மளிகைக் கடையா?”

உண்மையில் அரிகிருஷ்ணனுக்கு அது தெரியாது. ஆனால் டூர் நடத்துகிறவர் ‘தெரியாது’ என்று சொல்வது வழக்கமில்லை. மேற்கொண்டு இரண்டு விதிகளையும் சொன்னார். ஒரு கேபினில் ஒருவர் பேக்கேஜ் எடுத்தால் கூட இருப்பவரும் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் வாங்குவதை இருவர் குடித்துவிடுவார்களாம். எடுத்தவர்களின் கையில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள்; இறங்கும்வரை கழற்ற முடியாது.

ஞானம்மாள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னபோது, பட்டை என்று கேட்டதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“மூணு நாளும் நான் அதைக் கட்டிக்கிட்டுச் சுத்தணுமா? வர்ற கூட்டத்துல பாதி நம்ம கோயில் ஆளுங்க. திரும்பி வந்து நான் பாட்டுக் குழுவுல நிக்க வேணாமா? ஒரு வாய் வைன்னு சொன்னீங்க, சரின்னேன். அதுக்கு இவ்வளவு பெரிய கூத்தா?”

“நான் எழுதிக் கொடுத்துடறேன் ஞானம். முறையா எழுதினா புரிஞ்சுக்குவாங்க.”

முறையாகத்தான் எழுதினார். இரண்டு முறை நகல் எடுத்து, மூன்றாவதை டிராவல்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். “பெருமதிப்பிற்குரிய ஐயா, என் மனைவி மது அருந்துபவரல்லர். நானும் மிகச் சொற்பமாகவே அருந்துபவன். ஆகையால், அவரைத் தயவுகூர்ந்து இத்திட்டத்திலிருந்து விடுவித்து, கப்பல் விதிகளுக்கும் ஏனையோரின் வசதிக்கும் குந்தகம் நேராத வண்ணம், தாங்கள் உசிதம்போல் ஒரு மாற்று ஏற்பாடு செய்து தருவீர்களாயின் என்றென்றும் நன்றியுடையவனாவேன்.”

கடிதத்தில் எல்லாம் இருந்தது. மனைவியுடன் ஒரே அறையில் இருக்க விரும்புகிறேன் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பதில் வராததால், ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மவுண்ட் ரோட்டில் இருந்த கப்பல் ஏஜென்சிக்கே போனார். அங்கே கவுண்டரில் திரிபுரசுந்தரி என்ற இளம்பெண் இருந்தாள். அவர் தம் விண்ணப்பத்தைப் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. அவள் ஒரு புத்தகத்தைப் புரட்டி அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

“பேக்கேஜ் கட்டாயம்னு யார் சார் சொன்னது? கிளாஸ் கிளாஸாவே வாங்கலாம். கேபின் நம்பரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டா கடைசி நாள் பில்லுல வந்துடும். இல்லேன்னா அஞ்சு கூப்பன் வெச்ச சின்ன புக் இருக்கு. வைன் பாட்டிலா வாங்கினா, மீதியை உங்க பேர் எழுதி எடுத்து வெச்சு மறுநாள் டேபிளுக்குக் கொண்டுவருவாங்க. சாப்பாட்டோட டீ, காபி, தண்ணி எல்லாம் சும்மாவே கிடைக்கும். உங்களை மாதிரி கொஞ்சமா எடுத்துக்கறவங்களுக்கு அன்லிமிடெட் வேஸ்ட் சார்.”

“பட்டை?”

“பேக்கேஜ் எடுத்தாத்தான் சார் பட்டை.”

அதையெல்லாம் ஒரு தாளில் டைப் செய்து முத்திரை குத்திக் கொடுத்தாள். தாம்பரம் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் சவுரிமுத்து நின்றுகொண்டே அந்தத் தாளை மூன்று முறை படித்தார். மாம்பலத்தில் ஏறியவர் ஒருவர் எட்டிப்பார்த்தபோதுகூட மறைக்கத் தோன்றவில்லை.

ஸ்டேஷனில் இறங்கி நேரே டிராவல்ஸுக்குப் போனார். சுவரில் புதிதாக ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. முதல் வரி: கேபின் 1 – ஜென்ட்ஸ் – பொன்னுரங்கம், சவுரிமுத்து. ஐந்தாவது வரி: கேபின் 5 – லேடீஸ் – ஜெயக்கொடி, ஞானம்மாள்.

“வாங்க சார். உங்க லெட்டர்தான் வழி காட்டுச்சு” என்றார் அரிகிருஷ்ணன், முகமெல்லாம் மலர்ச்சியாக. “உங்க வூட்ல மட்டும்தான் பட்டை வேணாங்கறாங்கன்னு நெனைச்சேன். விசாரிச்சா எட்டு லேடீஸும் அதையேதான் சொல்றாங்க. ஜென்ட்ஸை ஒரு பக்கம், லேடீஸை ஒரு பக்கம் போட்டுட்டேன். குடிக்கிற ரூம் வேற, குடிக்காத ரூம் வேற. ரூலும் கெடல. வேளாங்கண்ணி லாட்ஜுல நாம எப்பவும் போடறதுதானே.”

“எல்லாரும்... சம்மதிச்சாங்களா?”

“எல்லாருக்கும் சந்தோசம் சார். உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க.”

சவுரிமுத்து முத்திரை குத்திய தாளை நீட்டினார். அரிகிருஷ்ணன் படித்தார். அவருடைய உற்சாகம் சற்றே இறங்கியது.

“இது நல்லதுதான் சார். ஆனா லிஸ்டு திங்கக்கிழமை ஃபேக்ஸ்ல போவணும். மாத்தணும்னா உங்க ரூம்ல இருக்கறவங்களும் மேடம் ரூம்ல இருக்கறவங்களும் ஒத்துக்கணும். பொன்னுரங்கம் சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க.”

“பரவாயில்லை” என்றது சவுரிமுத்துவின் வாய். ரோட்டில் இறங்கிய பிறகு, எது பரவாயில்லை, யாருக்குப் பரவாயில்லை என்று தம்மையே கேட்டுக்கொண்டு வீடுவரை நடந்தார்.

பொன்னுரங்கம் அந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். நெல் விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றவர். இப்போது காலனி சங்கத் தலைவர். சனிக்கிழமை காலை, புதிதாக எழும்பும் தம் கட்டடத்தின் முன்னே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வா சார், ரூம்மேட்டு. உக்காரு.”

“ஒரு சின்ன விண்ணப்பம்...”

“விண்ணப்பமா? நான் இன்னா தாசில்தாரா? சும்மா சொல்லு.”

“அந்த கேபின் விஷயம். உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, முன்ன இருந்த மாதிரி குடும்பம் குடும்பமா...”

“நான் கொறட்ட உடுவேன்னு எவனோ சொல்லிட்டானா?”

“ஐயையோ, அப்படி இல்லை.”

“அப்பொறம் இன்னா? உன்ன மாதிரி ஒரு சொட்டு சாப்புடற ஆளு பக்கத்துல இருந்தாத்தான் சார் எனக்கு நல்லது. எட்டு கிளாஸு தாண்டிச்சின்னா ரூமுக்கு இட்டுகினு வர ஒரு ஆளு வோணும். சுத்தி கடலு கீது பாரு.”

சவுரிமுத்து கையைப் பிசைந்தார். “என் மனைவிக்குப் புது இடம்னா கொஞ்சம் பயம்...”

“எங்கூட்டுக்காரி கூட இருக்கசொல்ல இன்னா பயம்? கப்பலே அவளப் பாத்துப் பயப்படும்.” பேசிக்கொண்டே வந்த பொன்னுரங்கம் சட்டென்று கண்ணைச் சுருக்கினார். “ஓகோ. அப்டி போவுதா கத? சார், உனக்குப் பேரன் பொறந்துட்டான்ல?”

அவர் சிரித்த சிரிப்பில் சாரத்தின் மேல் நின்ற கொத்தனார் திரும்பிப் பார்த்தார். சவுரிமுத்து விடைபெற்றாரா, விடைபெறாமலே வந்தாரா என்பது அவருக்கே நினைவில்லை.

வீட்டில் தம்பி மகன் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருந்தான். ஞானம்மாள் கிணற்றடிக்கு வந்து கேட்டாள்.

“என்ன வேணும்னு அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ஒரு மாதிரியா.”

“ஒரு மாதிரின்னா?”

“உனக்கு ஜெயக்கொடியோட இருக்கறதுல சம்மதம்னா...” என்று இழுத்தார்.

“ஜெயக்கொடி அக்கா நல்லவங்கதான். அவங்களோட இருக்கணும்னா தெருமுனைக்குப் போனாப் போதுமே. அதுக்கு எதுக்குங்க நான் கப்பலுக்குப் போகணும்?”

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு டிராவல்ஸில் கூட்டம். பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அரிகிருஷ்ணனின் மனைவி காமு, ஓரத்து மேசையில் டைப்ரைட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். யாருக்காவது ஏதாவது சந்தேகம் உண்டா என்று அரிகிருஷ்ணன் கேட்டார். சவுரிமுத்து எழுந்து நின்றார். வரும் வழியெல்லாம் கட்டிவைத்த வாக்கியம் ‘கனம் பொருந்திய’ என்று தொடங்கியது. வாயில் வந்தது அதுவல்ல.

“எனக்கு என் மனைவியோட ஒரே ரூம் வேணும்” என்றார்.

பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். ஞானம்மாள் தலை குனிந்திருந்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

“ஆசப்பட்டுட்டார். உடுங்கப்பா, குடுத்துரலாம்” என்றார் பொன்னுரங்கம், பெரிய மனதோடு. “நான் எங்கூட்டுக்காரியோட இருந்துக்கறேன்.”

அதுவரை பேசாதிருந்த ஜெயக்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. லேடீஸ் தனின்னு சொன்னதாலதான் நான் வரவே ஒத்துக்கினேன். மூணு நாளு அன்லிமிட்டு. அந்தக் கோலத்துல இந்தாளு கூட ஒரே ரூம்ல நான் மாட்டிக்கினு இருக்கணுமா? லிமிட்டோட குடிச்சதையே இருவத்தெட்டு வருசமா பாத்துகினு கீறேன்.”

“ஏய், நாலு பேர் எதிர்ல பேஜார் பண்ணாத.”

“நீ பண்ணாத பேஜாரா? நான் மாற மாட்டேன். மாத்துனீங்கன்னா என் பேர அடிச்சிடுங்க.”

அரிகிருஷ்ணன் இரு கைகளையும் விரித்தார். “பாத்தீங்களா சார். எக்ஸ்ட்ரா கேபின் ஒண்ணுகூட இல்ல. நான் இன்னா பண்ண முடியும்?”

வழக்கமாக இந்த இடத்தில்தான் சவுரிமுத்து உட்கார்ந்துவிடுவார். உட்காரத்தான் குனிந்தார். குனிந்தபோது சுவரில் இருந்த பட்டியலின் கடைசி வரி கண்ணுக்கு நேராக வந்தது. கேபின் 9 – அரிகிருஷ்ணன், காமு. ஜென்ட்ஸ் என்றும் லேடீஸ் என்றும் அதற்கு முன்னால் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“இது?” என்று விரலை வைத்தார்.

“அது... நான் டூர் மேனேஜர் சார். எந்த நேரத்துல இன்னா அவசரம் வரும்னு...”

“அவசரம் வந்தா இந்தாளு ரூம்லருந்துதான் வரும்” என்றாள் ஜெயக்கொடி. “நீ இந்தாளு கூடப் படு. காமு எங்கூட வரட்டும். உங்க ரூம இவங்களுக்குக் குடு.”

இப்போது சிரித்தவர்கள் இருமுவதுபோல் நடிக்கவில்லை. டைப்ரைட்டர் நின்றது. அரிகிருஷ்ணன் மேசையைச் சுற்றி வந்து சவுரிமுத்துவின் அருகே நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“சார், எங்க வூட்லயும் ஒம்பது பேர் சார்.”

சவுரிமுத்துவுக்கு அது போதும். பரவாயில்லை என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்தேவிட்டது. அதை மிகுந்த சிரமத்தோடு விழுங்கிக்கொண்டு, வேறொன்றைச் சொன்னார்.

“அப்போ ஒரே ஒரு ராத்திரி. பதினாலாம் தேதி மட்டும். மத்த ரெண்டு நாளும் நீங்களே...”

“மூணும்” என்றாள் ஞானம்மாள். தலையை அவள் இன்னும் நிமிர்த்தவில்லை. “அவர் கேட்டது மூணு. மூணுன்னே எழுதுங்க தம்பி. எங்களுக்குப் பேக்கேஜும் வேணாம். வேணுங்கறதை ஒவ்வொரு கிளாஸா வாங்கிக்கறோம்.”

அரிகிருஷ்ணன் சுற்றிலும் பார்த்தார். அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. பழைய பட்டியலைச் சுவரிலிருந்து உரித்து, ஸ்கேல் வைத்துப் பெயர்களை அடித்து, மனைவியிடம் நீட்டினார். காமு அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். புதுத் தாளைச் செருகி, ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல் அடிக்கத் தொடங்கினாள்.

வெளியே கேம்ப் ரோட்டில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பாஸ்போர்ட்டுகள் இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சவுரிமுத்து பத்தடி நடந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஊரே பார்க்க, இன்னொருவர் கையிலிருந்து பிடுங்கியதுபோல் கிடைத்திருக்கிறது. முதல் நாளே, அந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதியிருந்தால் இதில் ஒன்றுமே நடந்திருக்காது என்ற எண்ணம் செருப்பில் ஏறிய கல்லைப்போல் அவரை உறுத்தியது.

“ஞானம், அந்தக் காமு முகத்தைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“திரும்பிப் போய்ச் சொல்லிடலாமா? ஒரு ராத்திரி போதும்னு...”

ஞானம்மாள் நின்றாள். அன்றைக்கு முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“போங்க. போய்ச் சொல்லுங்க. அப்படியே ஜெயக்கொடி அக்காகிட்ட, மூணு நாளும் நான் அவங்க கூடவே இருந்துக்கறேன்னும் சொல்லிட்டு வந்துடுங்க.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். சவுரிமுத்து அங்கேயே நின்றார். பின்னால் டைப்ரைட்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்து, “சார், நடு ரோட்டுல இன்னா யோசனை?” என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த சவுரிமுத்து, கேட்காமலே ஒதுங்கி, மனைவியை எட்டிப் பிடிப்பதற்காக வேகமாக நடந்தார்.