துருவின் நிறம்

அன்று திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குச் சிவகாசி அலுவலக அறையில் இருந்தவர்கள்: மேஜைக்குப் பின்னால், அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் தொங்கும் சுவரில் முதுகைச் சாய்த்து, முதலாளி ராஜபாண்டியன். ஜன்னல் கட்டையில், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, அவர் மகன் தருண்குமார். தரையில் விரித்த சாக்கின் ஓரத்தில் மெக்கானிக் சுடலை. உடுப்பெல்லாம் கிரீஸ் என்று சொல்லி நாற்காலியை மறுத்துவிட்டார். கதவோரம் ஸ்டூலில், மடியில் நோட்டோடு, ரைட்டர் செல்வக்குமாராகிய நான். போர்மேன் கதிரவன் வழக்கமாக உட்காரும் இரும்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. வெளியே வராந்தா பெஞ்சில் அவன் மனைவி வேல்விழி இருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆறு நாளாக அவள் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

சாக்கின் மேல் கிடந்தது தருண்குமாருடைய காரின் மேனிஃபோல்டு. இன்ஜினின் நாலு வாயிலிருந்தும் வரும் சூட்டுப் புகையை வாங்கி, ஒரே குழாயாகச் சேர்த்து, சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டு. பசு மடியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருந்தது. மூன்றாவது குழாயின் அடியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். சுடலை அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். விரிசலின் உதடு நெடுக வெள்ளையாக ஒரு பொருக்கு. அது பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர். எங்கள் யூனிட்டில் யார் சட்டையை உதறினாலும் அது விழும். ஆனால் இரும்பில் உருகிப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை மதியம், அச்சங்குளம் பக்கமுள்ள எங்கள் யூனிட்டில் மருந்து காயப்போடும் தளம் வெடித்தது. செல்லத்தாயும் மாரித்தாயும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். இருவரும் ஒரே வேனில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருகிறவர்கள். மறுநாள் காலையில் கதிரவனைக் கைது செய்தார்கள். இந்தப் பக்கத்தில் விபத்து என்றால் முதலில் போவது போர்மேன்தான். அதற்குக் காரணம்கூட யாரும் கேட்பதில்லை. மருந்துத் தட்டைத் தரையில் இழுக்க விட்டான், உராய்வில் தீப்பிடித்தது என்று முதல் அறிக்கையில் எழுதியாயிற்று. கதிரவன் அப்படி விடுகிறவன் இல்லை. தட்டை இழுத்த ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அதற்காகச் செல்லத்தாயே அவனை முகத்துக்கு நேராக வைதிருக்கிறாள்.

அன்று அந்தத் தளத்தின் ஓரமாகப் போன வண்டி ஒன்றே ஒன்று. அது இந்த ஸ்போர்ட்ஸ் கார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஜப்பானில் செய்த இரண்டு கதவு வண்டி. கோயம்புத்தூரில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டில் கிடந்ததைத் தருண்குமார் ஆசையாக வாங்கி வந்தார். அன்று ஒரு ஆர்டருக்குப் போட்டோ எடுக்க மாதிரிப் பெட்டிகளை ஏற்ற உள்ளே போனார். தளத்துப் பக்கம் நிறுத்தக்கூடாது என்று கதிரவன் கையை வீசிக் கத்தியதும் இன்ஜினை உறுமவிட்டு ரிவர்ஸ் எடுத்து வெளியேறினார். உள்ளே வந்தது 12.40. வெளியே போனது 12.52. வெடித்தது 12.56. கேட் நோட்டில் முதல் இரண்டையும் எழுதியது நான். மூன்றாவதை எழுத ஆள் வேண்டியிருக்கவில்லை. கார் அதற்குள் கேட்டைத் தாண்டி ரோட்டோரம் நின்றிருந்தது. பின் கண்ணாடி மட்டும் உடைந்தது.

அந்த நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே 'தொப்பி உண்டு' என்று எழுதுவது என் வேலை. பட்டாசு யூனிட்டுக்குள் நுழையும் எந்த வண்டிக்கும் சைலன்சர் நுனியில் கம்பிவலைத் தொப்பி மாட்டியிருக்க வேண்டும். புகையோடு பொறி வந்தால் வலை பிடித்துக்கொள்ளும். வாட்ச்மேனிலிருந்து ஆபீசர் வரைக்கும் குனிந்து பார்ப்பது அந்த நுனியை மட்டும்தான். முன்பக்கம் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. அங்கே விரிசல் விட்டால் பொறி தொப்பிக்கு வராமலே வெளியே விழும்.

காரின் தடித்த குழாய்க்குப் பொருந்தும் தொப்பி கடைகளில் இல்லை. இரண்டு மாதம் முன்பு, லோடு ஆட்டோவுக்கு மாட்டும் தொப்பியை நான்தான் வாங்கி வந்து, நடுவில் ஒரு வளையம் வைத்துப் பொருத்தச் சொன்னேன். சுடலை அன்றைக்கே மறித்துப் பேசினார். இம்புட்டுப் பெரிய இன்ஜினுக்கு இம்புட்டுச் சின்ன வழி விட்டால் சூடெல்லாம் முன்னாலேயே தங்கும், பழைய இரும்பு தாங்காது, விட்டுப்போகும் என்றார். ரூல் கேட்பது தொப்பி, தொப்பி இருக்கிறது, மாட்டுங்கள் என்றேன். மாட்டினார். அதற்குப் பிறகு ஒன்பது தடவை கார் உள்ளே வந்தது. ஒன்பது தடவையும் 'தொப்பி உண்டு' என்று எழுதியிருக்கிறேன்.

அன்றைய கூட்டம் புது மேனிஃபோல்டு எதை வாங்குவது என்பதற்காக. சுடலை மூன்று வழி சொன்னார். ஒன்று, இதையே பற்றவைப்பது. வார்ப்பிரும்பில் பற்று நிற்காது, பத்து நாளில் அதே இடத்தில் விடும் என்று அவரே அதைத் தள்ளிவிட்டார். இரண்டு, கோயம்புத்தூர்ப் பட்டறையில் ஸ்டீல் குழாயை வளைத்துச் செய்வது. நாலு குழாயும் ஒரே நீளம், எடை பாதி, புகை தடையில்லாமல் போகும். செய்து வைத்தது ஒன்று கையில் இருக்கிறதாம், நாளைக்கே லாரியில் போடுவார்களாம். மூன்று, மதுரையில் பழைய சாமான் கடையொன்றில் இதே மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய வார்ப்பிரும்புத் துண்டு. விரிசல் இல்லை, ஆனால் அதற்கும் இதே வயது. எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்டீல்தான் சரி என்று சுடலை சொன்னார். தருண்குமாரும் அதையே சொன்னார். வாங்கிய நாளிலிருந்து அவருக்கு அந்த ஸ்டீல் குழாய் மேல் ஆசை; வாசலில் வண்டி நின்றால் இன்ஜின் சத்தத்தை வைத்தே அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். அன்று ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்து நடந்ததிலிருந்து அவர் காரைத் தொடவில்லை.

ராஜபாண்டியன் சுடலையின் போனை வாங்கி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து சாக்கின் பக்கத்தில் குனிந்து, போனைப் பழைய துண்டுக்கு நேராகப் பிடித்தார். துணிக்கடையில் ரவிக்கைத் துணியைப் புடவையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை விபத்தை விசாரிக்கும் ஆபீசர்கள் வண்டியைப் பார்க்க வருவது எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார். பத்தரை என்றேன்.

"அந்த ஸ்டீலு வேண்டாம். கண்ணாடி மாதிரி மினுங்குது. மூடியத் தெறந்த ஒடனே இது எப்பப் போட்டதுன்னு கேப்பாக. மதுரையில இருக்கே, அதுல துரு இருக்கு. நம்ம இன்ஜின்ல இருக்க துருவும் அதுவும் ஒரே நெறம். அதையே கொண்டா."

சுடலை போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தார். "பொண்ணு பாக்கப் போனா வயசக் கொறச்சுச் சொல்லுவாக. நீங்க கூடுன வயசாத் தேடுதீகளே, அண்ணாச்சி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

போல்ட் மட்டும் புதிதாகத் தெரியுமே என்றார் சுடலை. உப்புத் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் வெயிலில் போடு என்று பதில் வந்தது. சைலன்சர் நுனியில் தொப்பி இருக்கிறதல்லவா என்று முதலாளி என்னைப் பார்த்தார். இருக்கிறது என்றேன்.

அப்போதுதான் தருண்குமார் ஜன்னல் கட்டையிலிருந்து இறங்கினார். "அப்பா, நம்ம வண்டியாலதானா?"

"அத யாரும் ஒன்னக் கேக்கல. நீயும் கேக்காத."

தருண்குமார் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். வராந்தாவில் வேல்விழி எழுந்து நின்றிருப்பாள் போல. அவர் செருப்புச் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு வேகமாகப் படி இறங்கியது.

விசாரணை ஆபீசிலிருந்து வந்திருந்த கடிதத்துக்கு எழுத வேண்டிய பதிலை முதலாளி சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். அன்று உள்ளே வந்த வாகனங்களின் விவரம், அவற்றின் புகைக்குழாய்களின் நிலை. மேற்படி காரில் தொப்பி முறையாகப் பொருத்தப்பட்டிருந்தது. வாங்கிய நாள் முதல் எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. பழுது எதுவும் இல்லை. நாலு மணி தபாலுக்குப் போய்விட வேண்டும் என்றார். அவர் கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்பேடுகள் பத்து எப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

சுடலை மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால், பழைய துண்டைக் காயலான் கடையில் போடும் பொறுப்பும் எனக்கு வந்தது. அவரே சாக்கைச் சுருட்டிக் கட்டி என் வண்டியில் ஏற்றினார். நாலு முடிச்சுப் போட்டார்.

"எட்டு கிலோ வரும், ரைட்டரே. கட்ட அவுக்காதீக. அவுத்தா அந்த வெள்ளப் பொருக்கு உதிர்ந்துரும்" என்றார்.

காயலான் கடைக்குப் போகிற இரும்பில் பொருக்கு உதிர்ந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

வண்டியை எடுக்கும்போது வேல்விழி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். கதிரவனுக்காக ஒரு மனு எழுதித் தருவதாக அவளிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். மூன்று தடவையும் ஏதோ வேலை வந்தது.

"அண்ணே, தட்ட இழுக்க விட்டாகன்னு நீங்களும் நெனக்கீகளா?"

"இல்லம்மா."

"பெறகு எழுதுறதுக்கு என்ன?"

வண்டியின் முன்னால் இருந்த சாக்கை அவள் கவனிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கையை எடுத்துக்கொண்டு மறுபடியும் பெஞ்சுக்குப் போனாள்.

நான் காயலான் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய், சாக்கைக் கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டித் தள்ளி வைத்தேன். துண்டு என் வீட்டில் இருக்கிறது என்று எழுதப்போகிறேன்; இல்லாததை எழுதுகிறவன் ஆகிவிடக்கூடாது என்பதால் அதை முதலில் செய்தேன். பதில் எழுதுவதற்காக என்னிடமிருந்த கேட் நோட்டின் அந்த ஒன்பது பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தேன். பிறகு தபாலாபீஸ் போய், சுவரோர மேஜையில் உட்கார்ந்தேன். முதலாளி சொன்ன பதில் நோட்டிலேயே கிடந்தது; லெட்டர்பேடு எதையும் எடுத்து வந்திருக்கவில்லை. அந்தக் கையெழுத்து அவருடையது. ஒரு ரூபாய் வெள்ளைத் தாள் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஆரம்பித்தேன். பெறுநர் அதே விசாரணை ஆபீஸ். மூன்றாவது குழாயின் விரிசல், அதன் நீளம், அதன் மேல் உருகிப் பிடித்திருக்கும் பவுடர். 12.40, 12.52. வண்டியை எடுக்கச் சொல்லிக் கதிரவன் கையை வீசியதைக் கேட் அறையிலிருந்து பார்த்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் பார்க்கப்போகும் துண்டு மதுரையிலிருந்து வந்தது என்பது. தீ இதனால்தான் பிடித்தது என்று எழுதவில்லை. அதைச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. துண்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை.

கடைசிப் பத்தியில்தான் பேனா நின்றது. தொப்பியைப் பற்றி எழுதாமல் விட்டாலும் கடிதம் நிறைவாகத்தான் இருக்கும். விரிசலைப் பற்றித்தான் கேட்பார்கள். விரிசல் எப்படி வந்தது என்பது சுடலைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் தானாகச் சொல்ல மாட்டார். செல்லத்தாய் வேனிலிருந்து இறங்கும்போது கேட் அறை ஜன்னலைத் தட்டி, "ரைட்டரே, நாங்க வந்தாச்சு, எழுதிக்கிடுங்க" என்பாள். அந்த வியாழக்கிழமையும் தட்டினாள். எழுதினேன். இப்போதும் எழுதினேன்: மேற்படி காருக்குப் பொருந்தாத சிறிய தொப்பியை, மெக்கானிக் எச்சரித்த பிறகும், வாங்கி மாட்டச் சொன்னது நான்தான். இதுவும் நோட்டில் 'தொப்பி உண்டு' என்று எழுதிய அதே கையெழுத்தில்தான் இருக்கிறது. துண்டு என் வீட்டில், கட்டு அவிழ்க்காமல் இருக்கிறது. விலாசம் மேலே உள்ளது.

இரண்டு தாளையும் ஜெராக்ஸையும் மூன்றாக மடித்துக் கவரில் போட்டு, நூலில் கட்டியிருந்த பசைப் புட்டியை எடுத்து ஒட்டினேன். பசை காய்வதற்குள் போன் அடித்தது. முதலாளி. லெட்டர் போட்டாச்சா என்று கேட்டார். கவுண்டரில்தான் நிற்கிறேன் அண்ணாச்சி, என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் கவரை எடைபோட்டாள். ஸ்பீடு போஸ்டா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அனுப்புகிறவர் பெயரைக் கம்ப்யூட்டரில் அடிக்கும்போது கம்பெனி பெயரா என்றாள். அங்கே வாரத்துக்கு நாலு தடவை கம்பெனிக் கடிதத்தோடு நிற்கிற ஆள் நான்.

"இல்லம்மா. செல்வக்குமார்னு போடுங்க."

அடித்தாள். ஸ்டிக்கரைக் கிழித்துக் கவரில் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தி, பின்னால் வாய் திறந்து கிடந்த பையில் போட்டாள்.