இதுவா, முன்னதா

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்வது என் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்பேன். கொஞ்ச நேரத்தில் பலருக்கும் அலுத்துவிடும். சுவரில் இருக்கும் எழுத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், விடை அங்கே ஒட்டியிருப்பதைப் போல. அப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பார்க்கிற கண் அவர்களுடையது. நான் சொல்லிக்கொடுத்தால் கண்ணாடி தப்பாகிவிடும்.

இரத்தக் குழாய் மருத்துவரின் அறையில் அன்று நானும் என் கணவரும் அப்படித்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேசை மேல், அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் இரண்டு ஸ்டென்ட்களை வைத்திருந்தார். இரண்டும் சுண்டு விரலை விடச் சிறிய உலோகக் குழாய்கள். ஒன்று வெறும் கம்பி வலை. இன்னொன்றும் வலைதான், ஆனால் மேலே வெங்காயத் தோல் போன்ற மெல்லிய உறை சுற்றியிருந்தது.

என் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். நடையே பிழைப்பு. சில வருடங்களாகக் கடைவீதியில் என்னோடு வரும்போது அடிக்கடி நின்றுவிடுவார். குடைக் கடை வாசலில் நிற்பார், கடிகாரக் கடை வாசலில் நிற்பார், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதையே பார்ப்பார். என்ன என்று கேட்டால், "சும்மா பாக்குறேன்" என்பார். அப்புறம் நடப்பார். வாய்விட்டுக் கேட்காத மனிதர், ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று நானே வாங்கிவந்து கொடுத்தேன். குடை, அலாரக் கடிகாரம், தோல் பை, மறுபடி ஒரு குடை. ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். குடைக் கடைக்காரர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட சம்பளம் கேக்கப் போறார். வாசல்ல என்னைவிட அவர்தான் அதிக நேரம் நிக்கிறார்" என்றார்.

அது ஆசையில்லை. வலி. நடந்தால் இடுப்பிலும் தொடையிலும் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டும், அதற்குத்தான் கடைகள். ஒரு மழை நாளில் அவர் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் இதுவே எனக்குத் தெரிந்தது.

வயிற்றில் இறங்கும் பெரிய இரத்தக் குழாய் இடுப்பில் இரண்டாகப் பிரிந்து இரண்டு காலுக்கும் போகிறது, அந்த இரண்டிலும் அடைப்பு என்றார் மருத்துவர். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னக் கிளை இடுப்புக்குள் போகுமாம். இடது பக்கக் கிளை முழுதாகப் போய்விட்டது, அங்கே உறை போட்டதை வைப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. வலது பக்கம் கிளையில் இன்னும் கொஞ்சம் ஓட்டம் இருக்கிறது. அங்கேதான் கேள்வி.

"உறை போட்டது வச்சா கால் ரொம்ப நாள் தாங்கும். சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடக்கிற இடத்துக்கு அதுதான் நல்லது. ஆனா அந்தக் கிளையோட வாயையும் சேத்து மூடிடும். வெறும் வலைன்னா கம்பி இடுக்கு வழியா ரத்தம் கிளைக்குள்ள போகும். என்ன, சீக்கிரமே திரும்ப அடைச்சுக்கலாம்."

அந்தக் கிளையால் என்ன பயன் என்று கேட்டேன்.

"உக்கார்ற இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகுது. அப்புறம் தாம்பத்தியத்துக்கும் அதுதான் வழி. இத்தனை வருஷமா இல்லேன்னு போன தடவை சார் சொன்னாரே. பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம். உங்ககிட்ட சொல்லலையா?"

என் கணவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு மலையின் படம்.

சில வருடங்களுக்கு முன், குறட்டை விடுகிறேன், உன் தூக்கம் கெடும் என்று சொல்லி அவர் முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. என்மேல் அலுப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். முதலில் எனக்கு வலித்திருக்க வேண்டும். பிறகு பழகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் புரண்டு படுக்கும் ஓசையைக் கேட்டபடி இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன். குறட்டை கேட்டதேயில்லை.

இப்போது தெரிந்த பிறகு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. அந்த வலையை எடுத்து விரலில் உருட்டினேன். சில்லென்று இருந்தது.

வலையை வைத்தால் எல்லாம் திரும்பிவிடுமா என்று கேட்டது நான்தான். என் குரல் கடையில் வாடிக்கையாளரின் வயதைக் கேட்பதுபோல இருந்தது.

"உறுதி சொல்ல முடியாதும்மா. கதவைச் சாத்தாம வைக்கலாம், அவ்வளவுதான்."

"நடந்தா போதும் டாக்டர்" என்றார் என் கணவர். "உறை போட்டதையே வச்சிடுங்க." மீட்டர் எண்ணைப் படித்துச் சொல்கிற அதே தொனி.

மருத்துவர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரத்தின் கீச்சொலி போகப் போகத் தேய்ந்தது. அப்போது என் கணவர் நாள்காட்டியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். விடை அங்கே ஒட்டியிருப்பதைப் போல.

பழக்கத்தில் என் கழுத்து திரும்பப் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"வலையே இருக்கட்டும்" என்றேன்.

"மறுபடி அடைச்சுக்கிட்டா?"

"மறுபடி வருவோம்."

அவர் மருத்துவரிடம், "இவ சொல்றதையே வச்சிடுங்க" என்றார். மருத்துவர் எழுதினார்.

தொடையில் சின்னத் துளை போட்டு இரண்டையும் உள்ளே வைத்தார்கள். வெளியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

காயம் ஆறியதும் ஒருநாள் கடைவீதிக்குப் போனோம். அவர் நடந்தார். கடிகாரக் கடை போயிற்று, பைக் கடை போயிற்று, அவர் நிற்கவேயில்லை. கை வீசி நடக்கிற இந்த ஆளைப் பார்த்து எத்தனையோ காலம். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

குடைக் கடை வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. பழக்கம். அவருக்காக நின்று நின்று ஊறிப்போன இடம். கண்ணாடிக்குப் பின்னால் குடைகள் விரித்துத் தொங்கின. அவர் வெகுதூரம் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.

பக்கத்தில் ஆளில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். பிறகு அத்தனை தூரமும் நடந்து வந்து என் அருகில் நின்றார்.

"என்ன பாக்குற?"

"சும்மா."

அவரும் குடைகளைப் பார்த்தார். வா போகலாம் என்று சொல்லவில்லை. கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் நிழலும் மங்கலாகத் தெரிந்தது.

"வலி வந்தா இனிமே சொல்லுங்க" என்றேன். "வீட்ல குடை வைக்க இடமில்ல."

அவர் தலையாட்டினார். கடைக்காரர் உள்ளேயிருந்து எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வரத் தொடங்கினார்.

"குறட்டையெல்லாம் கிடையாது எனக்கு" என்றார் என் கணவர், குடைகளைப் பார்த்தபடியே.

"தெரியும்" என்றேன்.