குளிர்ப்பெட்டிக்கு விரித்த துணி

திருவட்டாறு பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு மண்ணெண்ணெய் விளக்கில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நர்ஸ் நேசபாய்க்கு. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கம்பவுண்டர் ஜான்ரோஸுக்கோ வயிற்றெரிச்சல். மீசை வைத்த ஆம்பிளை நிற்கும்போது பெண்பிள்ளையிடமா மிஷின் என்று போகிற வருகிறவரிடமெல்லாம் புலம்பினான்.

உள்ளே இருந்தது பாம்புக்கடி மருந்து. வயலிலிருந்து கட்டிலோடு தூக்கி வருகிற உயிர்களுக்கு அதுதான் கதி. அப்பேர்ப்பட்ட மருந்தை வெறும் கம்பித் தட்டில் வைப்பதா? மிஷன் பங்களாவில் லேஸ் பழகிய கை சும்மா இருக்குமா? தட்டு முழுக்க மூடும்படி கெட்டித் துணி வெட்டி, நாலு பக்கமும் லேஸ் பின்னி விரித்தாள். சனிக்கிழமை தோறும் துவைத்துக் கஞ்சி போடுவாள்.

இரண்டே மாதம். பெட்டிக்குள் மேலே, குளிர் இறங்கும் குழாயில் தேங்காய்த் துருவலை அப்பினது மாதிரி ஐஸ் கட்டி நின்றது. கீழே மருந்துக் குப்பி வெதுவெதுப்பு! இரண்டு குப்பியைக் கொட்ட வேண்டியதாயிற்று.

"கண்டீளா டாக்டரே! கதவத் தொறந்து போட்டிருப்பா. பொம்பளயிட்ட மிஷினக் குடுத்தா இப்பிடித்தான்" என்றான் ஜான்ரோஸ்.

டாக்டர் சத்தியராஜ் பெட்டிக் கதவைச் சாத்தினார். "திங்கக்கெழம வரைக்கும் பாக்கேன் நேசபாய். செரியாவல்லேன்னா ஜான்ரோஸ் பாக்கட்டும்."

நேசபாய் அன்றே வேலையில் இறங்கினாள். விளக்கை அணைத்து ஐஸைக் கரைத்தாள், திரியைத் துடைத்தாள், கதவை நாலு தரம் அமுக்கிப் பார்த்தாள். மறுநாளே குழாயில் வெள்ளை படர்ந்துவிட்டது. சனிக்கிழமை மறுபடி விளக்கை அணைத்து ஐஸைக் கரைத்து, வழக்கம்போல் துணியையும் துவைத்துப் போட்டாள். பாழாய்ப்போன மழை பிடித்துக்கொண்டது. துணி காயவே இல்லை; விளக்கை மட்டும் ஏற்றி வைத்தாள்.

திங்கள் காலை பெட்டியைத் திறந்தவள் குப்பியைத் தொட்டுத் திடுக்கிட்டாள். ஜில்லென்று இருந்தது. குழாயில் லேசான பனி மட்டும். அப்படி என்ன மாறிப்போச்சு? தட்டில் துணி இல்லை, அவ்வளவுதான்.

"அட பாவி! குளிரு கீழ எறங்க வழியில்லாம நானேல்லா அடச்சு வச்சிருக்கேன். அது மேலயே கெடந்து ஐஸா ஒறஞ்சிருக்கு!"

துணியைச் சுருட்டி ஒளித்திருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திருக்காது. நேசபாய் அந்த ஜாதி இல்லை. டாக்டரையும் ஜான்ரோஸையும் கூப்பிட்டு, துணியைத் தட்டில் விரித்துக் காட்டினாள்.

"மிஷின்ல கொற இல்ல டாக்டரே. தப்பு எங்கிட்ட. ரெண்டு குப்பியும் என்னாலதான் போச்சு."

"நான் அப்பவே சொன்னேம்லா!" என்று துள்ளினான் ஜான்ரோஸ்.

"நீரு சொன்னது கதவு. கதவில்ல, துணி. செஞ்சதும் நான், கண்டுபிடிச்சதும் நான்."

தலை நிமிர்ந்துதான் நின்றாள். டாக்டர் துணியை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தார். அதற்குள் ஜான்ரோஸ் உள்ளே கைவிட்டுக் குப்பியைத் தொடப் போனான்.

"கைய எடும்வே. நேசபாயிட்ட கேட்டுட்டுத் தொடும். இனி நானும் அப்பிடித்தான்" என்றார் டாக்டர்.

ஜான்ரோஸ் கையை இழுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"கேளும்" என்றாள் நேசபாய்.